கூரையும் கூறையும் ஒற்றையடிப் பாதையும்

கோடை பிறந்தால் நகரத்தாருக்கு மலை நினைவு வருகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே புறப்பட்டு, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைக் கண்டு களித்து, வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலை சேருகின்றனர். குளிர்காற்று முகத்திலே வீசுகிறது. எங்கோ ஓர் அருவியின் ஓசை கேட்கிறது. பாதையோரத்திலே புல்வேய்ந்த குடிசை ஒன்று. அதன் வாயிலிலே பழம்புடவையை இறுகச் சுற்றிய மூதாட்டி ஒருத்தி. அவளுக்குப் பின்னே காட்டுக்குள் நுழைந்து மறையும் ஒற்றையடிப் பாதை. "ஆகா! என்ன எளிமை! என்ன அமைதி! கவலையறியா வாழ்வன்றோ இது!" என்று வியக்கின்றனர். படம் பிடித்துக்கொள்கின்றனர். பொழுது சாயுமுன் இறங்கியும் விடுகின்றனர்.

மலையேறிக் களிப்போரைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. காற்றும் அருவியும் எல்லார்க்கும் பொது. ஆனால், அவர்கள் கேட்க மறந்த மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். அந்தக் கூரை ஏன் தலைமுறை தலைமுறையாகப் புல்லாகவே இருந்தது? அந்தக் கூறை ஏன் மாற்றுடை இல்லாத ஒற்றைத் துணியாகவே இருந்தது? அந்தப் பாதை ஏன் ஒற்றையடியாகவே நின்றது? மலைமக்களின் விருப்பமா? மலையின் இயல்பா? அல்லது, எதற்கெடுத்தாலும் நம் நாட்டிலே எடுத்து நீட்டப்படும் அந்த "விதி"யா?

வரலாற்றின் ஏட்டைப் புரட்டுவோம். விடை அங்கே இருக்கிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு கல்வராயன் மலை. கல்ராயன் என்றும் வழங்குவர். தெற்கே பச்சைமலை, மேற்கே சேர்வராயன், வடக்கே ஜவ்வாது. இவற்றுக்கிடையே 2000 அடி முதல் 4000 அடி வரை உயர்ந்து, சின்னக் கல்ராயன், பெரிய கல்ராயன் என இரு பகுதியாக விரிந்து கிடக்கிறது. ஒருபுறம் சேலம் மாவட்டம். மறுபுறம், முன்பு தென்னார்க்காடாகவும் பின்னர் விழுப்புரமாகவும் இருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்த கள்ளக்குறிச்சி. அதே மாவட்டத்திலேதான் பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரும் இருக்கிறது. சங்கப் புலவர் பாடிய மலையமான் திருமுடிக்காரியின் ஊர் அது. மலைக்குரியவன் மலையமான் என்று பெருமை பேசிய மண் இது!

ஆனால், மலையிலே உழைத்தவன் மலைக்குரியவனாக இருந்தானா? அதுதான் கதை.

மலையிலே வாழ்வோருக்கு மலையாளிகள் என்று பெயர். பெயர் கேட்டதும் கேரள நாட்டாரென்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்வோர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் கூறுவர். பேசுவது நம் தமிழ். பட்டியல் பழங்குடியினர் என அரசு அவர்களை வகைப்படுத்தியிருக்கிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினர் என்றும் அவர்களிடையே கதை உண்டு.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய பெருநூலிலே இந்தக் கதையின் மற்றொரு பகுதி இடம்பெற்றிருக்கிறது. வந்தவர்கள் மலையிலிருந்த வேடர்களைக் கொன்று, அவர்தம் மனைவியரை மணந்துகொண்டனராம். அதன் நினைவாகத் திருமணத்திலே தாலி கட்டுமுன் வானத்தை நோக்கித் துப்பாக்கி ஒன்று வெடிக்கப்படுமாம். பெண்ணின் வேடக் கணவன் மாண்டான் என்பதற்கு அது அடையாளமாம்!

மேளம் கொட்டும் மணவீட்டிலே ஒரு கொலையின் எதிரொலி! வழக்கம் என்று சொல்லி வணங்கிவிட்டுப் போகலாம். காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி நகைத்துவிட்டும் போகலாம். பகுத்தறிவாளர் செய்யத் தக்கது இவ்விரண்டும் அல்ல. அந்த ஓசைக்குள்ளே புதைந்து கிடக்கும் செய்தியைத் தோண்டி எடுப்பதே நம் வேலை. நிலத்தை வென்றவன் பெண்ணையும் வென்றதாகக் கருதினான்; அவளுடைய இசைவை எவரும் கேட்கவில்லை; வெற்றியைச் சடங்காக்கிவிட்டால் பிறகு கேள்விக்கே இடமில்லை. சமவெளியிலே நாம் காணும் சடங்குகள் பலவற்றின் கதையும் இதுதானே! மலைக்கு ஒரு நீதி, சமவெளிக்கு ஒரு நீதி என்று இங்கே வேறுபாடு ஏதும் இல்லை.

குடியேற்றத்தின் கதை அது. அடுத்து வருவது ஆண்டையின் கதை.

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பட்டப்பெயர்களை வழிவழியாகத் தாங்கிய ஜாகீர்தாரர்கள் மூவர். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்திலே பெற்ற கொடை என்று அவர்கள் உரிமை பேசினர். அவர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. துங்கபத்திரைக் கரையிலே வீற்றிருந்த ஒரு மன்னர், தாம் ஒருமுறையும் கொத்திக் கிளறாத நிலத்தை, அதிலே வியர்வை சிந்தாத ஒருவருக்குக் கொடுத்தார் என்பதுதானே இதன் பொருள்? கொடுத்தவர் கைநோகவில்லை, வாங்கியவர் முதுகு வளையவில்லை. இரண்டும் நேர்ந்தது, சரிவிலே கொத்துக்காடு திருத்திச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த குடிமகனுக்கு!

வெள்ளையர் வந்தனர். 1792-இல் சேலமும் 1801-இல் தென்னார்க்காடும் கும்பினியின் கைக்கு மாறின. கொடி மாறியது, கொடுமை மாறவில்லை. அண்டையிலுள்ள சேர்வராயன் மலையிலே, சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் காப்பி நட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின, ஏற்காடு கோடை வாசத்தலமாயிற்று. கல்வராயன் மலையோ காய்ச்சலுக்குப் பேர்போனது. வெள்ளையர் அங்கே மாளிகை கட்ட விரும்பவில்லை. எனவே, பழைய ஜாகீர்தாரரே போதும் என்று விட்டுவிட்டனர். 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வந்தபின், நாடெங்கும் காடுகளுக்கு எல்லைக்கல் நடப்பட்டது. இந்தப்புறம் ஜாகீர்தாரர், அந்தப்புறம் வனக்காவலர். இடையிலே, நிலத்தில் உழைத்தும் நிலமற்றவனாக மலைமகன்!

நாடு 1947-இல் விடுதலை பெற்றது. 1948-இலேயே சென்னை மாநிலத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. சமவெளியிலே சரிகைத் தலைப்பாகைகள் சரிந்தன. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963-இல் வந்தது. மலையின் ஜாகீர்களோ 1976-ஆம் ஆண்டிலேதான் அரசின் கைக்கு வந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மையச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976-இல்தான். செங்கோட்டையிலே கொடியேறி 29 ஆண்டுகள் கழிந்தபின் விடுதலையின் முதல் அடி மலைமீது வைக்கப்பட்டது!

இந்த 29 ஆண்டுக் கணக்கை ஒரு கட்சியின் தலையிலே மட்டும் எழுதிவிட நாம் விரும்பவில்லை. காங்கிரசு ஆண்ட ஆண்டுகளும் அதிலே உண்டு; 1967 முதல் 1976 தொடக்கம் வரை கழகம் ஆண்ட ஆண்டுகளும் உண்டு. பிறர் தவற்றை உரக்கச் சொல்லும் நாம், நம் பங்கை மெல்லச் சொல்லுதல் நேர்மையாகாது.

இப்போது அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது, கூரை. மலைக் குடிசை மடமையின் படைப்பன்று. மூங்கிலைப் பிளந்து தட்டி பின்னி, இருபுறமும் மண் அப்பி, சாணமிட்டு மெழுகிய சுவர். காற்றின் வேகம் தாக்காதபடி தாழ இறக்கிய புற்கூரை. உள்ளே அடுப்புக்கு மேலே பரண். அடுப்புப் புகை பரணிலே வைத்த தானியத்தை வண்டிலிருந்து காக்கும். கூரைப் புல்லைப் பூச்சியிலிருந்து காக்கும். பொறியியல் கல்லூரியின் வாசலை மிதிக்காதவர்கள் கண்டறிந்த பொறியியல் அது. ஆனால், சில ஆண்டுகளுக்கொருமுறை கூரையைப் பிரித்து வேயவேண்டும். மழையிலே கரைந்த சுவருக்கு மீண்டும் மண் அப்பவேண்டும். ஒரு தீப்பொறி விழுந்தால் எல்லாம் சாம்பல்.

இதனை அறிந்தும் ஏன் கல்லிலே கட்டவில்லை? மலையிலே கல்லுக்கா பஞ்சம்? பெயரிலேயே கல் இருக்கிறதே! பஞ்சம் கல்லுக்கன்று, உரிமைக்கு. தனக்குச் சொந்தமில்லாத மண்ணிலே எவன் கல்வீடு எழுப்புவான்? ஆண்டையின் சொல்லுக்கு வாழ்பவன், காவலரின் கண்ணுக்கு அஞ்சுபவன், எளிதிலே கட்டி எளிதிலே கைவிடத்தக்க வீட்டைத்தான் கட்டுவான். எளிமை என்று எதை வியந்தோமோ, அது பட்டா இல்லாமையின் மற்றொரு பெயர்!

இன்றைக்கும் இது பழங்கதையாகிவிடவில்லை. குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கக் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 2010-இல் வந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டமோ 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டங்கள், வரவேற்கிறோம். ஆனால், மனையிருப்போருக்குத்தான் வீடு. மனைக்குச் சான்றில்லாதோர் வரிசையின் இறுதியிலே நிற்க நேரிடுகிறது. அடிவாரத்துக் கள்ளக்குறிச்சியிலே கைவினைஞர் செதுக்கும் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் உலகறிந்தது, மகிழ்கிறோம். அதே மாவட்டத்தின் மலைமுடியிலே ஒரு குடும்பம் மூங்கில் தட்டியைக் கதவென்று சாத்திக்கொண்டு உறங்குமானால், அந்த மகிழ்ச்சி எப்படி முழுமை பெறும்?

இரண்டாவது, கூறை. மலையாளிகள் நெசவுக் குடியினர் அல்லர். துணிக்குச் சமவெளியையே நம்பினர். சேலத்துப் பக்கமெல்லாம் தறியோசை கேட்ட நாடல்லவா! ஆனால், நெசவுக்கு மலை ஒன்றும் தரவில்லை என்று நினைத்துவிட வேண்டா. மலைக்காட்டு விளைபொருள்களுள் ஒன்று கடுக்காய். மருந்துக்கும் தோல் பதனிடவும் அது பயன்படும். சாயக்காரனுக்கோ அது இன்றியமையாதது. பருத்திநூல் சாயத்தை எளிதிலே ஏற்காது. கடுக்காய்ச் சாற்றிலே தோய்த்து, படிகாரம் ஊட்டியபின் சாயவேரின் சிவப்பிலே இட்டால், வண்ணம் நூலோடு ஒன்றிவிடும், வெளுத்தாலும் போகாது. அதே கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கருமை பிறக்கும். சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகளுக்கு ஐரோப்பா மயங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. 1690-இல் கும்பினியார் கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியதும் துணி வாணிகத்தைக் கருதித்தான்.

எந்த மலையின் கடுக்காய் எந்தச் சீமாட்டியின் உடையிலே சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால், ஒன்று சொல்லலாம். காட்டிலே குனிந்து பொறுக்கியவளின் உடலிலே அந்த வண்ணம் ஏறவில்லை! கடுக்காயும் புளியும் தேனும் மலையிறங்கின. விலையைச் சந்தைக்காரன் வைத்தான். முன்பணம் கொடுத்தவன் கையிலே தராசும் இருந்தது, கணக்கேடும் இருந்தது. பின்னாளிலே மரவள்ளி வந்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வண்டி வண்டியாகக் கிழங்கு போகிறது. இங்கும் விலை வைப்பவன் வேறு, விளைவிப்பவன் வேறு. நெய்தவனுக்கும் இதே நிலைதானே! 1953-இல் தறிகள் ஓய்ந்து நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களிலே கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து விற்றார். நெசவாளியின் துயரைத் தெருவுக்குக் கொண்டுவந்த செயல் அது. நூலுக்கு நிறம் தந்த மலைமகளின் துயருக்கு அப்படி ஒரு தெரு வாய்க்கவில்லை.

மூன்றாவது, பாதை. மலைநடை இன்று மகிழ்வான பொழுதுபோக்காகியிருக்கிறது. தமிழக அரசே 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களிலே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இளைஞர்கள் நடக்கட்டும், நாட்டை அறியட்டும், உடலுக்கும் நல்லது, உள்ளத்துக்கும் நல்லது. ஆனால், ஒரே பாதையிலே இருவகை நடை உண்டு என்பதை மறவாதிருக்கட்டும். தோளிலே தண்ணீர்க் குப்பியோடு நடப்பது ஒரு நடை. பேறுகால வலியிலே துடிக்கும் பெண்ணைக் கம்பிலே கட்டிய டோலியிலே கிடத்தி, ஆள் மாற்றி ஆள் தோள்கொடுத்து, சாலை வரும் இடம் நோக்கி ஓடுவது மற்றொரு நடை. முன்னவர் பாதையின் அழகைக் காண்கின்றனர். பின்னவர் அதன் நீளத்தைக் காண்கின்றனர்.

இன்னொரு நடையும் உண்டு. பிழைப்பைத் தேடி மலையை விட்டு இறங்கும் நடை. கேரளத்துக்கு மிளகு பறிக்க, கருநாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு, நகரத்துக்குக் கட்டட வேலைக்கு. பிறர்க்கு மாடி எழுப்பும் கைகளுக்கு உரியவரின் வீடு, மலையிலே மண்சுவர்! சிலரைத் தரகர் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டிலே ஆந்திரக் காவற்படையின் துப்பாக்கிக்கு இரையானோர் 20 பேர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற உழைப்பாளிகள். அவர்களிலே மலைமக்கள் பலர். மரத்தை வாங்கிக் கோடி குவித்தவன் எங்கே இருந்தானோ! கூலிக்குக் கோடரி பிடித்தவன் பிணமானான். மணவீட்டிலே வெடித்த அந்தப் பழைய துப்பாக்கி வேடனின் சாவை நினைவூட்டியது. இந்தத் துப்பாக்கி எதனை நினைவூட்டுகிறது? காடு எவனுடைய வாழ்வோ அவனே காட்டிலே குற்றவாளி என்னும் கொடுமையை அல்லவா!

2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே நச்சுச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடனே பலருடைய விரல் மலையை நோக்கி நீண்டது. அங்கே சாராயம் காய்ச்சப்பட்டதுண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால், உயிர் குடித்தது மெத்தனால். அது மலையிலே விளைவதன்று, ஆலையிலே பிறப்பது. அந்தச் சாவுகளுக்குப் பின்னரே, சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து, சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளி எங்கே என்று அரசைக் கேட்டது. சமவெளியிலே அறுபது பிணம் விழுந்தபிறகுதான் மலைமேலே மனிதர் வாழ்கின்றனர் என்னும் நினைவு வருமானால், நாம் தலைகுனியத்தான் வேண்டும்.

தலைகுனிந்து நின்றுவிடுவதாலும் பயனில்லை. வழி இருக்கிறதா? இருக்கிறது, சட்டமாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்னிருந்தே காட்டு நிலத்தை நம்பி வாழும் பழங்குடிக் குடும்பம், தன் உழவிலுள்ள நிலத்துக்கு 4 எக்டேர் வரை உரிமை கேட்கலாம் என்கிறது அது. கூரைக்கு விடை அங்கே. கடுக்காய், தேன் போன்ற சிறுவன விளைபொருள்கள் சேகரிப்போரின் உடைமை என்கிறது. கூறைக்கு விடை அங்கே. சாலை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்காகக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான வனநிலத்தை விடுவிக்கலாம் என்கிறது. பாதைக்கும் விடை அங்கே! தமிழ்நாட்டிலே இந்தச் சட்டம் வழக்கிலே சிக்கிப் பல்லாண்டு தளர்நடை போட்டது. 2016-க்குப் பின்னர்த் தடை நீங்கியும் அதன் நடையிலே இன்னும் விரைவு போதாது.

உரிமைக்கான கோரிக்கை முதலிலே எழ வேண்டிய இடம் கோட்டையல்ல, கிராம சபை. அதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. மனு எழுதத் தெரிந்த கைகள் அங்கே தேவை. சட்டத்தின் பிரிவைப் படித்துச் சொல்லும் நாக்குகள் தேவை. எழுதியதற்கு விடை வரும்வரை அலுக்காமல் படியேறும் கால்கள் தேவை. படிப்பகங்களிலே கூடும் இளைஞர்களிடம் இவை மூன்றும் இல்லையா?

மலையை மாற்றிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மண்சுவரின் குளுமையும் பரணின் அறிவும் அழியவேண்டியதில்லை. அவற்றை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதை மலைமகன் தன் விருப்பப்படி தீர்மானிக்கட்டும். வறுமையால் மண்வீட்டிலே இருப்பது வேறு. உரிமையோடு மண்வீட்டைத் தேர்வது வேறு. முன்னது அடிமைத்தனத்தின் மிச்சம், பின்னது நாகரிகம்.

அடுத்த கோடையிலும் மலையேறுவீர்கள்; ஏறுங்கள் தோழர்களே! அருவியிலே குளியுங்கள். அந்தக் குடிசையின் வாயிலிலே அதே மூதாட்டி நின்றால், படம் பிடிக்குமுன் அவளருகே சென்று ஒன்று கேளுங்கள்: "பாட்டி, இந்த மனைக்குப் பட்டா வந்துவிட்டதா?"

இல்லை என்று அவள் தலையசைத்தால், உங்கள் மலைநடை அங்கேதான் தொடங்குகிறது.